போனி லைட் ஹார்ஸ்மேன்: யாருக்கும் சொந்தமில்லாத பாட்டில் ஒரு சூப்பர்குரூப்

சூப்பர்குரூப்களின் முதல் ஆல்பம் பல சமயம் சொதப்புவதற்கு என் பார்வையில் காரணம் ஒன்றுதான்: பாட்டு யாருடையது என்கிற தகராறு. பெயர் வாங்கிய மூன்று பேர் சேருவார்கள். ஆளுக்கு மூன்று பாட்டு கொண்டுவருவார்கள். நல்லதைத் தன் அடுத்த தனி ஆல்பத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை இங்கே இறக்குவார்கள். ஒருவர் பாட, மற்ற இருவரும் பின்பாட்டு. ஒரே உறையில் மூன்று அரைகுறை ஆல்பம்.

2020 ஜனவரியில் வந்த 'போனி லைட் ஹார்ஸ்மேன்' இந்தத் தகராறுக்கு இடமே வைக்கவில்லை. குழுவுக்கும் ஆல்பத்துக்கும் ஒரே பெயர். அனேயிஸ் மிட்செல், 'ஹேடஸ்டவுன்' இசை நாடகத்தை எழுதியவர். அது 2019இல் சிறந்த இசை நாடகத்துக்கான, அமெரிக்க மேடை உலகின் டோனி விருதை வாங்கியது. எரிக் டி. ஜான்சன், 'ஃப்ரூட் பேட்ஸ்' குழுவின் பாடகர். ஜோஷ் காஃப்மன், தயாரிப்பாளர், கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவர். இவர்கள் எடுத்துக்கொண்டது பிரிட்டன், அயர்லாந்து, அப்பலாச்சிய மலைப்பகுதிகளின் பழம்பாட்டுகளை. எழுதியவர் பெயர் தெரியாத, காப்புரிமை இல்லாத பாட்டுகள். என் பாட்டு, உன் பாட்டு என்ற பேச்சுக்கே வழியில்லை.

ஆனால் பழம்பாட்டை அப்படியே எடுத்துப் பாடினால் ஆல்பம் நிற்காது. கதைப்பாட்டுகளில் பத்து, பதினைந்து சரணம் சர்வசாதாரணம். பல்லவி பெரும்பாலும் இருக்காது. டிரம்ஸ் வைத்து ராக் தாளத்தில் வாசித்தால் ஐந்தாவது சரணத்திலேயே காது களைத்துவிடும். அதனால் வெட்ட வேண்டும். கதையை நகர்த்தும் சரணங்களைத் தூக்கிவிட்டு உணர்ச்சியைத் தாங்கும் மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொள்வது, நல்ல ஒரு வரியைப் பல்லவியாகத் திருப்பித் திருப்பிப் பாடுவது, தேவைப்பட்டால் வேறு பாட்டிலிருந்து ஒரு சரணத்தை ஒட்டுவது. தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். நெப்போலியன் போரில் குதிரைப்படை வீரனான காதலனை இழந்தவள், நேராக நெப்போலியனைப் பெயர் சொல்லி 'என் துயருக்குக் காரணம் நீதான்' என்கிறாள். எந்தப் போர்க்களம், என்ன தேதி, எதுவும் இல்லை. கழுகின் இறக்கை இருந்தால் அவன் விழுந்த இடத்துக்குப் பறப்பேன் என்கிறாள், அவ்வளவுதான். மிட்செலுக்கு இந்த வேலை புதிதல்ல. பாடகர் ஜெஃபர்சன் ஹேமருடன் 2013இல் ஏழு பழைய கதைப்பாட்டுகளை வைத்து ஒரு ஆல்பமே போட்டவர்.

அடுத்தது குரல்கள். சேர்ந்து பாடச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மெட்டுக்கு மூன்றாவது ஸ்வரத்தில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை இறங்காமல் பாடுவது. இரண்டு சரணத்தில் திகட்டிவிடும். ஜான்சனுடைய குரல் உயரமானது, மிட்செலின் எல்லைக்குப் பக்கத்திலேயே இருப்பது. அதனால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று நிரந்தர ஏற்பாடு தேவைப்படவில்லை. முதலில் தனித்தனியாக, பிறகு சேர்ந்து, பிறகு மறுபடி பிரிந்து. அந்தப் பிரிவில்தான் அழகு.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கர்நாடக சங்கீதம் கேட்கிற காதுக்குச் சட்டென்று பிடிபடும். குரல்கள் இயல்பாகப் போய் உட்காருகிற அந்தர காந்தாரம் ஷட்ஜத்துக்கு 5:4 விகிதம். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வைத்த கிட்டாரில் அதே காந்தாரம் 14 சென்ட் கூடுதல்; ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். கிட்டாரும் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் காந்தாரத்தைப் பிடித்தால் உரசல் கேட்கும். பாடுகிறவர்களுக்குச் சுருதி சேரவில்லை என்று தோன்றும். தப்பு அவர்களிடம் இல்லை.

இந்த வகைப் பாட்டில் இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது: 1960களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பிரபலப்படுத்திய டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங் (ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிவரை ஸ்வரங்களின் ஆங்கிலப் பெயர்கள்). ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மூன்றையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்க வேண்டும். மூன்றாவது கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மற்றதைத் திறந்து மீட்டினால் ஆறு கம்பியிலும் ச, ப மட்டும்தான். காந்தாரம் பாடுகிறவர் கையில். செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: மூன்று கம்பியை இறக்கியதும் கழுத்தின் இழுவை குறையும், மற்ற மூன்றும் லேசாக ஏறிக்கொள்ளும். ஆகவே முழுதாக ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாவது சுற்றும் சேருங்கள். வேண்டிய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே போய் அங்கிருந்து ஏற்றினால்தான் கம்பி நழுவாமல் நிற்கும். தடித்த ஆறாவது கம்பி கடகடத்தால் 12க்குப் பதில் இன்னும் தடிமனான 13 கேஜ் செட் போடுங்கள். கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் ஃப்ரெட்டை ஒட்டி மாட்டி, மறுபடி சுருதி பாருங்கள். அது எப்போதும் கொஞ்சம் ஏற்றிவிடும்.

பதிவு தொடங்கியது 2018இல், பெர்லினில் பழைய கிழக்கு ஜெர்மனி வானொலி வளாகமான ஃபுங்க்ஹவுஸில். முடிந்தது நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே, தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவான ட்ரீம்லேண்டில். சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிற சூடு ஆல்பம் முழுக்க இருக்கிறது. இதை வீட்டிலோ சின்ன ஸ்டுடியோவிலோ முயல்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம், ஒருவர் குரல் அடுத்தவர் மைக்கில் கசிவது. ஒரே குரல் இரண்டு மைக்குக்கு ஒரு மீட்டர் வித்தியாசத்தில் போனால் ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் தாமதம். இரண்டிலும் அளவு ஒத்துவந்தால் 170 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் வெட்டுப்பட்டு, ஆண் குரலும் கிட்டாரின் அடிவயிறும் சேர்ந்து ஒல்லியாகிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. என்றால் அடுத்த மைக் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். எட்டு வடிவத்தில் ஒலி வாங்கும் மைக்குக்கு இரண்டு பக்கவாட்டிலும் காது கேட்காது. அந்தப் பக்கம் கிட்டார் வருகிற மாதிரி சாய்த்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இப்படிப் பதிவு செய்ததைப் பிறகு கம்ப்யூட்டரில் சுருதி திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். பாடியவர் மைக்கில் திருத்திய குரல், பக்கத்து மைக்கில் திருத்தாத குரல். இரண்டும் சேர்ந்து இரட்டையாக வழியும். மொத்தமாக மறுபடி பாடுவதுதான் ஒரே வழி.

குறையும் உண்டு. 'பிளாக்வாட்டர்சைட்' ஒரு கொடுமையான பாட்டு. ஆசை காட்டி ஏமாற்றியவன், விடிந்ததும் உன் அப்பன் தோட்டத்துக்குப் போய் அழு என்கிறான். ஸ்காட்டிஷ் கிட்டார் கலைஞர் பெர்ட் ஜான்ஷ் 1966இல் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு, இங்கே அந்தக் கசப்பு குரல்களின் இனிமையில் கரைந்துபோனது உறுத்தும். ஏழாவது பாட்டிலிருந்து வேகமும் தளர்கிறது. கடைசிப் பாட்டு '10,000 மைல்ஸ்' தான் காப்பாற்றுகிறது.

2021 கிராமியில் சிறந்த ஃபோக் ஆல்பம் பிரிவில் பரிந்துரை வந்தது. விருது கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ஜோடிக்குப் போனது. அதுவும் பழம்பாட்டுகளும் பிறர் எழுதிய பாட்டுகளும் கலந்த ஆல்பம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

மூன்று பெண் பாடகர்களின் சூப்பர்குரூப்பான பாய்ஜீனியஸின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். 2023இல் வந்த அவர்கள் ஆல்பத்தில் முதலில் வெளியான மூன்று பாட்டும் ஆளுக்கொன்றாகப் பாடியவை. இருந்தும் ஆல்பம் நின்றது, காரணம் மூவருமே கூர்மையான எழுத்தாளர்கள். அது விதிவிலக்கு. போனி லைட் ஹார்ஸ்மேன் குழுவினரே 2022இல் இரண்டாவது ஆல்பத்தைப் பெரும்பாலும் சொந்தப் பாட்டுகளாகப் போட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டி எறிய மனம் வராத சரணங்கள் அதில் அங்கங்கே தெரிகின்றன.