ஒருத்தர்கூட இல்லையா? எட்டுப் பேருங்க
"அமெரிக்காவோட கருத்தடை உரிமைச் சட்டத்துக்கு ரிபப்ளிகன் கட்சில ஒருத்தர்கூட ஓட்டுப் போடல, அதுல மிதவாதின்னு எவனும் கிடையாது"ன்னு மேல ஒரு அண்ணன் அடிச்சு விட்டிருக்கார், லைக் வேற குவியுது. தப்புங்க. 2022 ஜூலை 21 அமெரிக்கக் கீழ்சபைல அது 228-195ல பாஸ் ஆச்சு, கட்சியை மீறி ஆதரிச்ச ரிபப்ளிகன்ஸ் 8 பேர், லிஸ் செனி, கின்சிங்கர், ஃபிட்ஸ்பேட்ரிக், நான்சி மேஸ் எல்லாம் அதுல உண்டு. மேஸ் அம்மா வெள்ளை கோட்டு முதுகுல சிவப்பு டேப்பால கருத்தடையக் காப்பாத்துங்கன்னு ஒட்டிக்கிட்டே வந்தாங்க, போட்டோ தேடுனா கெடைக்கும். அதுக்கு முந்தின மாசம்தான் உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ், கருத்தடைக்கு உரிமை குடுத்த 1965 கிரிஸ்வோல்ட் தீர்ப்பையே திரும்பப் பாக்கணும்னு எழுதி வெச்சிருந்தார், அந்தப் பயத்துலதான் இந்தச் சட்டமே.

195 பேர் எதிர்த்தாங்க, எல்லாருமே ரிபப்ளிகன்தான், அதை நான் மறைக்கல. 2024 ஜூன்ல மேல்சபையான செனட்ல அதை விவாதத்துக்கு எடுக்கவே 60 ஓட்டு வேணும், 51தான் விழுந்துச்சு, அங்கயே நின்னுடுச்சு, அப்பவும் ரிபப்ளிகன்ஸ்ல காலின்ஸ், முர்கோவ்ஸ்கி ரெண்டு பேரும் ஆதரிச்சாங்க.

அப்புறம் "கட்சியை மீறுனா சீட்டு காலி"ன்னும் சொல்லியிருக்கீங்க. செனி தோத்தது உண்மை, ஆனா அது ட்ரம்பை எதிர்த்த சண்டை, கருத்தடை மாத்திரை சண்டை இல்ல. அந்த எட்டுல இருந்த ஃபிட்ஸ்பேட்ரிக், மேஸ், சலசார் மூணு பேரும் அதே 2022 நவம்பர்ல திரும்ப ஜெயிச்சாங்களே, அத ஏன் விட்டுட்டீங்க? இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஓட்டுப் போடலாமா வேணாமான்னு தாராளமா சண்டை போடுங்க, ஆனா ஆளே இல்லன்னு சொல்லாதீங்க.