சிற்றூர்களுக்கு வாசித்த ரிக்டர்

உலகப் புகழ்பெற்ற சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாடஸ்லாவ் ரிக்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள், 1960-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் நடத்திய கச்சேரிகளையே அவர் வாழ்வின் உச்சமாகச் சொல்வதுண்டு. தருமபுரியில் இருந்துகொண்டு அவரைக் கேட்கும் எனக்கு, 1986-இல், 71 வயதில், தமது யமஹா பியானோவுடன் சைபீரியாவுக்குப் புறப்பட்டு, கச்சேரி அரங்கே இல்லாத சிற்றூர்களிலும் உட்கார்ந்து வாசித்த அந்த ஆறு மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

1915-இல் பிறந்து, இன்றைய உக்ரைனின் ஒடெசா நகரில் வளர்ந்தவர். முறையான பாடம் அதிகமின்றி, ஓபரா என்னும் மேலை இசை நாடகங்களின் சுவடிகளை வாசித்து வாசித்தே தேறி, அவ்வூர் ஓபராவில் ஒத்திகைக்கு வாசிக்கும் வேலையில் இருந்தார். 22 வயதில்தான் மாஸ்கோவுக்குப் போய் பியானோ ஆசிரியர் ஹைன்ரிக் நெய்ஹாஸிடம் மாணவராகச் சேர்ந்தார். ஜெர்மானிய வம்சாவளியினரான ரிக்டரின் தந்தையை, 1941-இல் உளவாளி என்று குற்றஞ்சாட்டிச் சோவியத் அரசு சுட்டுக்கொன்றது. அப்படியிருந்தும் அந்நாட்டைத் துறந்து போகாமல், அதன் கடைக்கோடி ஊர்களையும் தேடிப்போய் வாசித்த மனத்தை நான் வணங்குகிறேன்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் சூபர்ட், தாம் இறந்த ஆண்டான 1828-இல் எழுதிய கடைசிப் பியானோ சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட நெடிய இசைப்படைப்பை, ரிக்டர் வாசிக்கக் கேளுங்கள். தொடக்கத்தில் மெல்லிய பாட்டு ஒன்று நகர்கிறது. அது நிற்கும் இடத்தில் இடது கை, பியானோவின் அடிச்சுரங்களில், கேட்டும் கேட்காததுமாக ஒரு நடுக்கத்தை எழுப்புகிறது. முதல் பகுதியை மட்டுமே 20 நிமிடங்களுக்கு மேல், பலரும் துணியாத நிதானத்தில் வாசிக்கிறார். பிற்காலத்தில் அரங்கை இருட்டாக்கி, இசைத்தாளின் மேல் மட்டும் சிறு விளக்கு வைத்துக்கொண்டார். தம்மைப் பார்க்காமல் இசையைக் கேட்கட்டும் என்பதே அவர் எண்ணம்.

இவ்வளவு பொறுமை சிற்றூர்க்காரர்களுக்கு ஏது என்று கேட்பவர்கள், எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் வந்து பார்க்கவேண்டும். முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, விடியும்வரை எழுந்திருக்காமல் கேட்கும் ஜனம் இது. கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் நான் அறிந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையான பியானோவின் கட்டையை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. விரலின் பாரத்துக்கேற்பச் சுத்தியல் தந்தியைத் தட்டும் அந்த நுட்பம், இலேசான கீபோர்டுக் கட்டைகளில் கைவராது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் காரில் கச்சேரிக்குப் போகிற கலைஞர்களில் பலர் எங்களுக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரியைத் தாண்டித்தான் போகிறார்கள். அரங்கு இல்லை என்பது ஒரு காரணமாகாது. பிரான்சின் தூரேன் பகுதியில் 1964-இல் ரிக்டர் தொடங்கிய இசைவிழா, 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்றில்தான் நடந்தது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்கள், முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. கலைஞர்களே, ஒரு நாள் பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்குங்கள்; மண்டபம் பிடிப்பதையும் ஆள் சேர்ப்பதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.