நியூ லனார்க் ஆளில்லாத ஊர் அல்ல

ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் என்ற பருத்தி ஆலைக் கிராமத்தைச் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் கட்டினார், இப்போது அது வெறும் மியூசியம் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

கிளைடு ஆற்றின் நீர்விசையை நம்பி 1785-இல் அந்த ஊரைத் தொடங்கியவர் டேவிட் டேல் என்ற வணிகர். பருத்தி ஆலையில் வேலை செய்த அநாதைக் குழந்தைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். அவருடைய மருமகன் ஓவன் 1800-இல்தான் நிர்வாகத்துக்கு வருகிறார். அவர் செய்தது சின்ன வேலையில்லை: பத்து வயதுக்குக் குறைந்தவர்களை ஆலைக்குள் விடவில்லை, 1816-இல் கல்விக்கூடம் திறந்தார். ஆனால் அதே ஓவன்தான் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிறப் பக்கங்கள் கொண்ட ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டவர். முந்தைய நாள் நடத்தை மோசம் என்றால் கறுப்புப் பக்கம் முன்னால் நிற்கும், மிக நன்று என்றால் வெள்ளை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைப் பற்றிய கதை முழுமையாகும்.

ஆலை 1968-இல் மூடப்பட்டது. ஊர் இடிந்து போகாமல் மீட்டார்கள். 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்கள் பட்டியலில் சேர்ந்தது. ஓர் ஆலைக் கட்டடம் இப்போது ஹோட்டல். பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த ஜன்னல்களில் எட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன.