ஊதா வளையத்தை கேமராவுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள்

குறைந்த விலை ரிஃப்ராக்டரில், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கியில், முதல் விண்மீன் படத்தை எடுத்து ஒருவர் ஆசையாகக் காட்டுகிறார். உடனே வரும் பதில்: "ஊதா வளையம் பயங்கரமா இருக்கே. இதை வித்துட்டு ஒரு அபோ வாங்கிடுங்க." அபோ என்பது எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குவிக்கும் விலை கூடிய லென்ஸ் குழாய். இந்த அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆர்வத்தோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பேச்சு அது. பல நேரங்களில் தேவையும் இல்லாதது.

ஊதா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதை எங்கே பிடிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குறைந்த விலைக் குழாய்களில் இருக்கும் சாதாரண ஆக்ரோமேட் லென்ஸில் கிரவுன், ஃபிளின்ட் என இரண்டு கண்ணாடிகள். அவை சேர்ந்து சிவப்பில் 656 நானோமீட்டர் அலைநீளத்தையும் நீலத்தில் 486 நானோமீட்டர் அலைநீளத்தையும் ஒரே இடத்தில் குவிக்கின்றன. இடையில் இருக்கும் பச்சை கொஞ்சம் முன்னால் குவிகிறது. 486-க்குக் கீழே இறங்க இறங்க ஊதா வேகமாகப் பின்னால் தள்ளிப் போகிறது. நம் கண் ஊதாவை அவ்வளவாக உணராததால் பார்ப்பதற்கு இந்த லென்ஸ் நன்றாகவே இருக்கும். கேமரா சென்சாருக்கு அந்தத் தயவு கிடையாது. குவியாமல் பரவிக் கிடக்கும் அந்த ஒளியை மணிக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அளவைப் பாருங்கள். பச்சைக்கும், ஒன்றாகக் குவியும் அந்தச் சிவப்பு-நீல ஜோடிக்கும் உள்ள தூரம், தோராயமாகக் குவியத் தூரத்தில் 2000-இல் ஒரு பங்கு. 120 மி.மீ. விட்டம், 600 மி.மீ. குவியத் தூரம் உள்ள எஃப்/5 (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) குழாயில் அது 0.3 மி.மீ. ஆனால் எஃப்/5-இல் ஒரு விண்மீன் கூர்மையாகத் தெரியும் பட்டை மொத்தமே 0.05 மி.மீ. சொச்சம்தான். ஊதா இதையும் தாண்டி வெளியே நிற்கிறது. ஆகவே ஒரே ஃபோகஸில் எல்லா நிறமும் கூர்மையாக வர வேண்டும் என்று இந்த லென்ஸிடம் கேட்கவே கூடாது.

என் கருத்து இதுதான். ஊதாவை மென்பொருளில் துடைப்பது கடைசி வேலை. முதல் வேலை, குவியாத ஒளியை சென்சாருக்கே விடாமல் இருப்பது. படம் பதிந்த பிறகு நிறத்தை மாற்றலாம், மங்கலை எடுக்க முடியாது. வளையத்தைச் சாம்பலாக்கினாலும் விண்மீன் உப்பியே இருக்கும், அதன் பக்கத்தில் இருந்த மங்கலான விண்மீன் அந்த உப்பலுக்குள் காணாமல் போயிருக்கும்.

முதலில் யூ.வி./ஐ.ஆர். கட் ஃபில்டர், அதாவது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி. மாற்றம் செய்யாத டி.எஸ்.எல்.ஆருக்குள் இது ஏற்கெனவே உண்டு. வான்படக் கேமராக்கள் பலவற்றில் முன்னால் வெறும் கண்ணாடிதான், ஃபில்டரை எடுத்துவிட்ட டி.எஸ்.எல்.ஆரிலும் அதே நிலை. அப்போது 700-க்கு மேலே உள்ள அகச்சிவப்பும் உள்ளே வந்து தன் பங்குக்கு விண்மீனை உப்ப வைக்கும். நிறைய பேர் ஊதாவை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இதைக் கவனிப்பதே இல்லை. ஆஸ்ட்ரோனாமிக் எல்-3 போல இரண்டு முனையையும் இன்னும் உள்ளே தள்ளி வெட்டும் ஃபில்டர் கிடைத்தால் ஆக்ரோமேட்டுக்கு அதுவே மேல்.

அதுவும் போதாவிட்டால் ஊதாவைத் தடுக்கும் மஞ்சள் ஃபில்டர். ராட்டன் எண் 8 என்ற வெளிர் மஞ்சள் ஃபில்டர் எளிமையானது. பாடரின் ஃப்ரிஞ்ச் கில்லர் போன்றவை இந்த வேலைக்கென்றே வருபவை. படம் மஞ்சளடிக்கும் என்று பயப்படுவார்கள். நிறச் சமநிலையில் பெரும்பகுதி சரியாகிவிடும். எண் 12, எண் 15 என்று போனால் நீலம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும், வண்ணப் படத்துக்கு நான் அதுவரை போகச் சொல்ல மாட்டேன்.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. அட்டையில் 80 மி.மீ. வட்டம் வெட்டி 120 மி.மீ. லென்ஸ் முன்னால் பொருத்துங்கள், எஃப்/5 குழாய் எஃப்/7.5 ஆகிவிடும். கூர்மைப் பட்டை இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகும். ஒளியில் பாதிக்கு மேல் போய்விடும் என்பது உண்மைதான். கூடுதல் நேரம் எக்ஸ்போஷர் கொடுத்து ஒளியை ஈடுகட்டலாம், உப்பிய விண்மீனுக்கு அப்படி ஈடு கிடையாது.

ஃபோகஸ் செய்யும் விண்மீனிலும் கவனம் வேண்டும். சித்திரை, மகம் போன்ற நீல வெள்ளை விண்மீன்கள் ஆக்ரோமேட்டின் குறையை உரக்கச் சொல்பவை. செந்நிறமான திருவாதிரை, கேட்டை அப்படியில்லை. எந்த விண்மீனானாலும் படம் எடுக்கப்போகும் ஃபில்டரைப் போட்டுக்கொண்டுதான் பாட்டினோவ் மாஸ்க்கை (ஃபோகஸ் சரிபார்க்கக் குழாய் முன்னால் வைக்கும் கோடு வெட்டிய தட்டு) வைக்க வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு ஃபில்டரைச் செருகினால் உழைப்பெல்லாம் வீண்.

இந்தக் குழாய்கள் உண்மையில் ஜொலிப்பது, நெபுலாவின் ஒரு ஒளிக்கோட்டை மட்டும் உள்ளே விடும் குறும்பட்டை ஃபில்டரில். ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன்-3 500.7. ஏழு நானோமீட்டர் அகலம் மட்டும் உள்ளே வரும்போது நிறத்துக்கு நிறம் குவியும் இடம் மாறும் நிறப்பிறழ்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. கருப்பு-வெள்ளைக் கேமராவில் ஃபில்டருக்கு ஃபில்டர் ஃபோகஸை மாற்றிக்கொண்டால், ஆக்ரோமேட்டும் அபோவும் அருகருகே வந்துவிடும். ஓரியன் நெபுலாவோ ரோசெட் நெபுலாவோ இப்படி எடுத்துப் பாருங்கள். வண்ணக் கேமராவில், இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்து விடும் இரட்டைப் பட்டை ஃபில்டரும் நன்றாக ஒத்துப்போகும், ஏனென்றால் ஆக்ரோமேட் ஒன்றுசேர்க்கும் 656, 486 என்ற ஜோடியிலிருந்து அந்த இரண்டு கோடுகளும் அதிகம் விலகுவதில்லை. நிலவுக்குப் பச்சை ஃபில்டர் போட்டு கருப்பு-வெள்ளையில் எடுங்கள், பள்ளங்களின் விளிம்பு கத்தி போல வரும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்குத்தான் மென்பொருள். வண்ணக் கேமராவில் எடுத்த படமென்றால் பச்சை சேனலைத் தனியே பிரித்து அதையே ஒளிர்வாக வையுங்கள், சிவப்பும் நீலமும் நிறம் கொடுக்க மட்டும் இருக்கட்டும். விவரம் முழுவதும் கூர்மையான சேனலிலிருந்து வரும். இதுவே எனக்கு மிகப் பிடித்த வழி. ஊதா இன்னும் தெரிந்தால் ஸ்டார்நெட் என்ற மென்பொருளில் விண்மீன்களைத் தனிப் படமாகப் பிரித்து, அந்த விண்மீன் படத்தை மட்டும் நெகட்டிவாக்கி, சிரில் என்ற வான்பட மென்பொருளில் பச்சை இரைச்சல் நீக்கத்தை ஓட்டி, திரும்ப நேராக்குங்கள். நெகட்டிவில் ஊதா பச்சையாக நிற்பதால் அந்தக் கருவி அதைப் பிடித்துவிடும். நெபுலாவின் நிறத்தில் கை படாது.

ஒன்றைச் சோதித்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லுங்கள். நிறம் விண்மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது நிறப்பிறழ்ச்சி. அடிவானத்துக்கு அருகே உள்ள கோளில் மேலே நீலம், கீழே சிவப்பு என்று வந்தால் அது காற்று செய்த வேலை, எந்த அபோவிலும் வரும். வானில் எங்கே திருப்பினாலும் படத்தின் நடுவிலேயே நிறம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கலாம்.

கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல நெபுலா மட்டும் இந்த வழிகளுக்குக் கட்டுப்படாது. அங்கே நமக்கு வேண்டியதே நீலம், வெட்டினால் படமே இல்லை. அந்த மாதிரிப் பொருள்கள்தான் உங்கள் ஆசை என்றால், அபோவுக்குப் பணம் சேர்க்கும் முன் லென்ஸுக்குப் பதில் ஆடி (கண்ணாடி) வைத்த ஒரு சிறிய நியூட்டோனியன் தொலைநோக்கியைப் பாருங்கள். லென்ஸின் நிறப்பிறழ்ச்சியைத் தீர்க்கவே முடியாது என்று நம்பித்தான் நியூட்டன் 1668-இல் ஆடிக்குப் போனார். லென்ஸ் செய்பவரான டாலண்ட் 1758-இல் ஆக்ரோமேட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது அந்த நம்பிக்கை பொய்த்துப்போயிருந்தது. ஆனால் ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்கிறது என்பது இன்றும் மாறவில்லை.