"பக் நாய்னா கண்ணு அப்படித்தான் இருக்கும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

எங்கள் குட்டானுக்கு ஏழு வயது. பக் இனம். இடது கண்ணில் பார்வை அனேகமாகப் போய்விட்டது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், மனசு வரவில்லை. நேற்று சாயங்காலம் பூங்காவில் இன்னொரு பக்கைப் பார்த்தேன். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில் மிளகு அளவுக்குப் பழுப்பாக ஒரு படலம். கூட்டி வந்த தம்பியிடம் சொன்னேன். "பக்னா கண்ணு அப்படித்தாங்க்கா இருக்கும்" என்றார். அதே வார்த்தையை நம்பித்தான் நானும் மூன்று வருடம் சும்மா இருந்தேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 295 பக் நாய்களின் கண்களைப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் எட்டுக்கும் மேல் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான உறையில் (கார்னியா), இந்தப் பழுப்புப் படலம் இருந்தது. பார்க்கிற பக்குக்கெல்லாம் இருப்பதால் அதுவே இனத்தின் அடையாளம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய இடம். அதில் கறை படர்ந்தால், அது எத்தனை நாய்க்கு வந்தாலும் நோய்தான்.

பக்கின் முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்குக்கு மேலே மடிப்பு. அதில் குட்டை குட்டையாக விறைத்த முடி. சில நாய்களுக்கு அந்த முடி நேராகக் கண்ணில் போய் இடிக்கும். மூக்குப் பக்கம் கீழ் இமையும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் முடி கருவிழியில் உரசும். கண்குழி ஆழம் இல்லாததால் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது பல நாய்களுக்கு இமை முழுசாக மூடுவதில்லை, அதனால் கண் காய்ந்துபோகிறது. இதோடு கொடுமை என்னவென்றால், இந்தத் தட்டை மூக்கு நாய்களுக்குக் கருவிழியில் உணர்ச்சி மற்ற நாய்களைவிடக் குறைவு. வலியை அவ்வளவாகக் காட்டாது. நாமும் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

குட்டானுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இடது கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு, முகத்தைக் கால்மிதியில் தேய்த்துக்கொண்டே இருந்தான். பீளை பச்சையாக வந்தது. வீட்டில் என் கணவருக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. மூன்று நாள் அதைப் போட்டேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை டாக்டர் ஒரு ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியின் நடுவில் பச்சையாக ஒரு வட்டம் மின்னியது. அது புண். புண் இருக்கிற கண்ணில் ஸ்டீராய்டு போட்டால் ஆறாது, இன்னும் ஆழமாக இறங்கும், கண்ணே ஓட்டையாகிவிடக்கூடும். அவர் என்னைத் திட்டவில்லை. மருந்துப் பெட்டியைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததைக் காட்டினார். அவ்வளவுதான். அந்த அறையை என்னால் மறக்க முடியவில்லை.

கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க இன்னொரு காகிதம் இருக்கிறது. கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். குட்டானுக்கு 7 வந்தது. அன்றிலிருந்து கண்ணீர் சுரக்க வைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து, தினமும் இரண்டு வேளை. ஆயுசுக்கும் போட வேண்டும். புண் ஆறிய பிறகு வலது கண்ணுக்கு, மூக்கோரம் இமையைச் சற்றுச் சேர்த்துத் தைத்து, கண் திறப்பைச் சின்னதாக்கினார்கள். முடி இப்போது உரசுவதில்லை. இதையே முதலில் அந்தப் பழுப்புப் புள்ளியைப் பார்த்தபோது செய்திருந்தால் இடது கண்ணும் தப்பித்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

பக் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஷார் பேய் என்ற, உடம்பெல்லாம் சுருக்கம் விழுந்த சீன நாய் இனத்துக்கு இதைவிட மோசம். தோலில் இயல்பாகவே இருக்கும் ஹையலுரானிக் அமிலம் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்து அவ்வளவு சுருக்கமும் வருகிறது. சில குட்டிகளுக்குக் கண் திறந்து சில வாரத்திலேயே இமை உள்ளே சுருண்டுவிடும். முகம் வளர்ந்து நிலைக்கும்வரை இமையை வெளியே இழுத்துத் தற்காலிகத் தையல் போட்டு வைப்பார்கள். புல்டாக், சௌ சௌ எல்லாவற்றுக்கும் இமைத் தொல்லை உண்டு. நாம் கொஞ்சுகிற அந்தச் சுருக்கத்துக்கான விலையைக் குட்டி தன் கண்ணால் கொடுக்கிறது. 2003 வாக்கில் பக் நாய் நடித்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரம் வந்த பிறகு இங்கே எத்தனை வீட்டில் பக் வந்தது! எங்கள் வீட்டுக்கும் அந்த ஆசையில்தான் வந்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத நாய் இனங்களின் பட்டியலில் பக்கையும் சேர்த்தபோது நிறைய பேருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கடைசிவரை நன்றாக வளர்ப்போம். மடிப்பு அதிகமாக இருந்தால் விலையும் அதிகம் என்று விற்பதும் வாங்குவதும் நிற்கட்டும்.

வளர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கண் சுருங்கினால், சிவந்தால், பீளை தள்ளினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். அப்புறம், கழுத்துப் பட்டையில் சங்கிலி போட்டு இழுக்காதீர்கள், மார்பைச் சுற்றிப் போடுகிற வார் வாங்குங்கள். கழுத்து இறுகினால் இந்த இனத்துக்குக் கண் பிதுங்கி வெளியே வந்துவிடும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் உள்ளே தள்ளப் பார்க்காமல், சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள்.

காலையில் காபி போடும் முன்னால் எனக்குக் குட்டான் வேலைதான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து மடிப்புக்குள் துடைப்பேன், காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பேன். இடது பக்கம் உட்காரும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்வேன், இல்லாவிட்டால் திடுக்கிடுவான். மாதம் ஒன்றாம் தேதி இரண்டு கண்ணையும் போனில் படம் எடுத்து, போன மாதப் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். இன்று எடுத்தேன். வலது கண் அப்படியே தெளிவாக இருக்கிறது.