பெரிய பட்டம் வேண்டாம், நிறையப் பட்டம் வேண்டும்

காற்றாலைக் கோபுரமே இல்லாமல், பட்டம் விட்டுக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று மைல்ஸ் லாய்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சி-5ஏ சரக்கு விமானம் அளவுக்கு ஒரு பட்டம், விநாடிக்கு 10 மீட்டர் காற்று, 6.7 மெகாவாட். பட்டம் சும்மா மேலே நிற்கக் கூடாது, காற்றுக்குக் குறுக்கே பாய வேண்டும். சூட்சுமம் அதுதான்.

கணக்கு சரி. ஆனால் இதைப் படித்தவர்களுக்கெல்லாம் இன்னும் பெரிதாகக் கட்டும் ஆசை வந்துவிடுகிறது. கூகுள் 2013இல் வாங்கிய மக்கானி என்ற பட்ட மின்சார நிறுவனத்துக்கும் வந்தது. அவர்கள் கட்டிய பட்டத்துக்கு 26 மீட்டர் இறக்கை, எட்டுச் சுழலிகள், 600 கிலோவாட். 2019இல் நார்வே பக்கம் கடலில் விழுந்தது. 2020இல் கடையைக் கட்டிவிட்டார்கள். இறக்கை திட்டமிட்டதைவிடக் கனமாகிப்போனதை அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கனக்கத்தானே செய்யும்? எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. பறக்கும் இயந்திரமெல்லாம் நடக்காத காரியம் என்று சைமன் நியூகோம் என்ற வானியலாளர் அந்தக் காலத்தில் வாதாடியதும் இதைச் சொல்லித்தான். அதற்குப் பதில் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல், ஆமாம், டெலிபோன் பெல்லேதான். நான்முக வடிவில் சின்னச் சின்னக் கூடுகளைக் கோத்துக்கொண்டே போனால் எடையும் பரப்பும் ஒரே விகிதத்தில் கூடும் என்றார். 1907 டிசம்பரில் நோவா ஸ்கோஷியாவின் ஏரி ஒன்றில், நீராவிப் படகு இழுக்க, 3,393 கூடுகள் கொண்ட அவருடைய பட்டம் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரியைச் சுமந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் ஏழு நிமிடம் பறந்தது. இறங்கியபோது கயிற்றை உடனே விடாததால் படகு இழுத்த இழுப்பில் நொறுங்கியது. ஆள் தப்பினார்.

ஸ்காட்லாந்தில் 'விண்ட்ஸ்வெப்ட் அண்ட் இன்ட்ரஸ்டிங்' என்று ஒரு சின்ன நிறுவனம் (பெயரைப் பாருங்கள்!) இன்று செய்வது பெல்லின் யோசனைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சிறிய பட்டங்களைப் பூவிதழ்போல வளையத்தில் கட்டிச் சுழலவிடுகிறார்கள். அந்தச் சுழற்சியைக் கயிறுகளே தரையில் இருக்கும் ஜெனரேட்டர்வரை கொண்டுவருகின்றன. மேலே கனமான பொருள் எதுவும் இல்லை. அளவு இன்னும் சிறியதுதான் என்றாலும், என் ஓட்டு இவர்களுக்கே.

சந்தேகம் எனக்குக் கயிற்றில்தான். பாரம் கூடினால் கயிறுகள் அளவுக்கு மீறி முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அப்புறம் சுழற்சி கீழே வராது. சின்ன வயதில் ஒரே நூலில் இரண்டு காத்தாடி கட்டி விட்டிருக்கிறேன். ஏற்றியது பத்து நிமிடம், சிக்கெடுத்தது ஒரு சாயங்காலம் முழுக்க. புயல் வருகிற ராத்திரியில், பக்கத்தில் ஆளே இல்லாமல், இருபது பட்டங்களை இவர்கள் சிக்கில்லாமல் இறக்குகிற வீடியோ வந்தால் யாராவது எனக்கு டேக் செய்யுங்கள்.