கடல் ஏன் நடுவில் உடைகிறது?

திருகோணமலையில் எங்கே நின்று பார்த்தாலும் கடல் ஒரே நேர்கோடு. என் மேசையில் மட்டும் அது இரண்டாக உடைந்து கிடக்கிறது! விடியற்காலையில் டச் பே கரையில் நின்று நானே எடுத்த படம். இடப்பக்கம் கோணேசர் மலை, வலப்பக்கம் வெறும் கடல். அது என் கம்ப்யூட்டரின் இரண்டு மொனிட்டரிலும் ஒரே பின்னணிப் படமாகத் தெரிய வேண்டும். இது பெரிய ஆசையா?

புதியது 22 அங்குலம், 1920×1080. பழையது 19 அங்குலம், 1280×1024. விண்டோசில் 'ஸ்பான்' கொடுத்தால் 3200 பிக்சல் அகலத்துக்குப் படம் விரிகிறது. சரி, விரியட்டும். ஆனால் பழையதில் ஒவ்வொரு பிக்சலும் பருமன். அடிவானம் இரண்டு விரல் அகலம் மேலே ஏறி நிற்கிறது! செட்டிங்ஸில் பழைய மொனிட்டரைக் குறிக்கும் பெட்டியைப் பிடித்து மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன், மறுபடி மேலே. ஒருவழியாகக் கோடு சேர்ந்தபோது இரவு ஒரு மணி. அலை மட்டும் அந்தப் பக்கம் போனதும் வீங்குகிறது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

காலையில் கரண்ட் போய் வந்தது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை! ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை விடியும்வரை நினைவில் வைத்திருக்க இந்த மெஷினுக்கு அப்படி என்ன கஷ்டம்?